கேளாமல் அளித்த தீர்ப்புகள்: சிலப்பதிகார மாந்தரை வாசிக்கும் ஒரு வழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். பேச்சில் இடையிடையே வந்த கிளைச்செய்திகள் நீக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் எழுப்பிய இரண்டு வினாக்களுக்கான விடைகள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



செவ்விலக்கியங்களில் மையப்பொருளும் மாந்தரும் என்ற பொதுத் தலைப்பைக் கொடுத்து, எந்த நூலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று துறைத்தலைவர் எனக்கு உரிமை தந்தார். நான் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த கதை அது என்பதே காரணம். கதை தெரிந்துவிட்டதால் நூலைத் திறக்காமலே அதைப் பற்றிப் பேசும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 1892இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு நூலைப் பதிப்பித்தார். அதன் பிறகு ம.பொ.சி. மேடைதோறும் சிலம்பைப் பேசினார். மு.வரதராசனார் கண்ணகிக்கும் மாதவிக்கும் தனித்தனி நூல் எழுதினார். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் இதைக் குடிமக்கள் காப்பியமாகக் கண்டார். 1964இல் வந்த பூம்புகார் திரைப்படம் வழக்குரைக்கும் காட்சியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோனது. இத்தனை பேர் இத்தனை வகையில் கொண்டாடிய நூலை நம் வகுப்பறைகள் இன்று இரண்டு மூன்று வினாக்களுக்குள் அடக்கிவிட்டன. கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா? குற்றவாளி கோவலனா பாண்டியனா? பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்வார், நாம் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

பதிகம் மூன்று உண்மைகளை இந்த நூலின் நோக்கமாகச் சொல்கிறது. ஆட்சியில் தவறியவர்க்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், செய்த வினை விடாமல் வந்து பலனளிக்கும். தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு இந்த மூன்றும் போதும். மாந்தரைப் புரிந்துகொள்வதற்கு இவை போதா என்பது என் எண்ணம். இந்த மூன்றும் முடிவுகள். அந்த முடிவுகளுக்குக் கதை எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் காப்பியத்தின் வேலை.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரத்தின் பெருங்கேடுகள் ஒவ்வொன்றும், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் ஒருவர் இன்னொருவரைப் பற்றி முடிவுகட்டியதால் விளைந்தவை. பாண்டியன் செய்தது அவற்றுள் மிகப் பெரியது. அதுவே முதலாவது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு முன்னும் நடந்திருக்கிறது, பின்னும் நடக்கிறது. யார் விசாரித்தார், யார் விசாரிக்கவில்லை, விசாரித்தவர் எப்போது விசாரித்தார் என்று பார்த்துக்கொண்டே போனால் மாந்தர் அனைவரும் வேறொரு வெளிச்சத்தில் தெரிவார்கள்.

1. கடற்கரையில் ஒரு தீர்ப்பு

புகார் நகரில் இந்திர விழா முடிகிற நேரம். மனைவி கண்ணகியைப் பிரிந்த கோவலனும், அவன் சேர்ந்து வாழும் ஆடல்மகள் மாதவியும் கடலாடச் சென்று, தாழை வேலி சூழ்ந்த புன்னை நிழலில் அமர்ந்திருக்கிறார்கள். கோவலன் யாழை வாங்கி முதலில் பாடுகிறான். காவிரியைப் பாடுகிறான், பிறகு நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தியைப் பற்றிய காதற்பாட்டுகளைப் பாடுகிறான். மாதவிக்கு ஐயம் எழுகிறது. இவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறதோ என்று எண்ணி, தனக்கும் ஒரு குறிப்பு இருப்பதுபோல யாழை வாங்கிப் பாடுகிறாள். அப்படி ஒரு குறிப்பு அவளுக்கு இல்லை என்பதைக் கவிஞரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் அது நமக்கு மட்டுமே தெரியும், கோவலனுக்குத் தெரியாது. இவள் மாயக்காரி, வேறொருவனை நெஞ்சில் வைத்துப் பாடினாள் என்று அவன் அந்த இடத்திலேயே முடிவுகட்டி எழுந்து போகிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பது. யாரை நினைத்துப் பாடினாய் என்று மாதவி கேட்கவில்லை. கோவலனும் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உடனிருந்து, மணிமேகலை என்ற மகளையும் பெற்ற இருவர், ஒரு பாட்டின் உட்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் பிரிகிறார்கள். மாதவியாவது விளையாட்டாக ஊடினாள். அவளுடைய ஐயத்தால் யாருக்கும் தண்டனை இல்லை. கோவலன் தன் ஐயத்தைத் தண்டனையாக்கினான்.

அன்று மாலையே மாதவி அவனுக்கு ஒரு மடல் எழுதி அனுப்புகிறாள். வேனிற்காதையின் உயிர்நிலை அதுதான். தோழி வயந்தமாலை கொண்டுவந்த அந்த மடலைக் கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல்மகள் நடிப்பதில் வல்லவள்தானே என்று காரணமும் சொல்கிறான். குற்றம் சாட்டப்பட்டவள் தன் தரப்பைச் சொல்ல வருகிறாள். அவள் எழுதியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவளுடைய தொழிலைக் காட்டிக் கதவை அடைக்கிறான் கோவலன். மதுரையில் அவனுக்கு நேரப்போவது இதைவிடக் கொடியது, ஆனால் இதே வகையானது.

2. அரண்மனை வாயிலில் ஒரு தீர்ப்பு

மாதவியைப் பிரிந்த கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் போய், அவளுடைய சிலம்பை விற்கப் புறப்படுகிறான்; அதைப் பார்த்த பொற்கொல்லன் ஒருவன் அவன்மேல் களவுப்பழி சுமத்துகிறான். கொலைக்களக் காதையில் பாண்டியன் எந்த நிலையில் ஆணையிட்டான் என்பதை நூலாசிரியர் இளங்கோ அலட்சியமாக எழுதவில்லை. கூத்து மகளிரின் ஆடலையும் பாடலையும் அரசன் சுவைத்திருந்தான். அதனால் ஊடிய அரசி கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லிவிட்டு அந்தப்புரம் போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் பின்னால் போகிறான். அந்த வாயிலில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். கன்னக்கோலும் இல்லாமல் மந்திரத்தால் காவலரை மயக்கி அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் ஊர்க்காவலரை அழைத்து, தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

கடற்கரையையும் இந்த வாயிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிடத்திலும் ஆடலும் பாடலும் இருக்கின்றன. இரண்டிடத்திலும் ஊடல் இருக்கிறது. இரண்டிடத்திலும் மனம் வேறொன்றில் இருக்கும் ஓர் ஆண், எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றியோ எதிரில் இருந்தும் வாய்திறக்க விடப்படாத ஒருவரைப் பற்றியோ ஒரு நொடியில் முடிவெடுக்கிறான். இந்த ஒப்புமை தற்செயலாக அமைந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. காப்பியத்தின் முதற்பாதியில் கோவலன் மாதவிக்குச் செய்ததையே பிற்பாதியில் பாண்டியன் கோவலனுக்குச் செய்கிறான். முதலாவதில் ஓர் உறவு முறிந்தது. இரண்டாவதில் ஓர் உயிர் போனது.

அரசனின் ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சிலம்பு அவன் கையில் இருந்தால் என்றான். ஆனால் எந்தச் சிலம்பு, அது தேவியுடையதுதானா என்று பார்ப்பதற்கு ஒரு வழியையும் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய வேலையைக் காவலரிடம் விட்டான். காவலர் அதைப் பொற்கொல்லனிடம் விட்டார்கள். உண்மையில் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான். விசாரணை முழுவதும் குற்றவாளியின் கைக்கே போய்ச்சேர்ந்தது.

3. காவலர் தயங்கிய நேரம்

இந்தக் காப்பியத்தில் என்னை மிகவும் அலைக்கழிப்பது கொலைக்கு முந்திய அந்தச் சிறு உரையாடல். மேடைகளில் இதை யாரும் பேசக் கேட்டதில்லை. நாடகங்களிலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வந்த காவலர் கோவலனைப் பார்த்தவுடனே தயங்குகிறார்கள். இவனுடைய தோற்றத்தையும் நடத்தையையும் பார்த்தால் கொல்லத் தக்கவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். அதைக் கேட்டுப் பொற்கொல்லன் சிரிக்கிறான். கள்வர்களுக்குத் துணையாக இருப்பவை எட்டு என்று பட்டியல் போடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. கள்வர் எப்படியெல்லாம் கண்ணை மறைப்பார்கள் என்பதற்குப் பழைய திருட்டுக்கதை ஒன்றையும் சொல்கிறான். அவன் வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். கோவலன் நல்லவனாகத் தெரிவதே அவன் கைதேர்ந்த கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. குற்றமின்மைக்கு எதைக் காட்டினாலும் அது குற்றத்தின் கணக்கிலேயே சேர்க்கப்படும். இப்படிப்பட்ட வாதத்திலிருந்து தப்புவதற்கு உலகில் யாருக்கும் வழி கிடையாது. எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சின்ன மனிதனின் வாயில் இவ்வளவு நுட்பமான பொய்யை வைத்த கவிஞரின் மனித அறிவு என்னை வியக்க வைக்கிறது.

அப்போதும் ஓர் இளைஞன் உடனே வாளை எடுக்கவில்லை. மழை கொட்டிய ஓர் இரவில் உளியோடு வந்த திருடன் ஒருவன் தன்னிடமிருந்து தப்பிய கதையைச் சொல்கிறான். கள்வரின் செயல் கண்டறிய அரிது, அரசனோ தண்டிப்பான், இப்போது என்ன செய்வது என்று கேட்கிறான். அவன் கேட்ட கேள்விக்கு விடை வருவதற்குள், கல்வியறிவில்லாத, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஆக, கோவலனின் மரணம் ஒரே ஆளின் தவறால் நேரவில்லை. அரசன் கேட்கவில்லை, காவலர் பாதி கேட்டார்கள், ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் முடித்துவிட்டான். இத்தனை பேரில் ஒருவர்கூடக் கோவலனைப் பார்த்து நீ யார், இது யாருடைய சிலம்பு என்று கேட்டதாக நூலில் இல்லை. பேச்சில் வல்லவனாகவும் பாடகனாகவும் அறிமுகமான கோவலன் ஒரு சொல்லும் சொல்லாமல் சாகிறான்.

4. கோவலன் கற்றுக்கொண்டது

கோவலனை நாம் பெரும்பாலும் ஒரே நிறத்தில் பார்க்கிறோம். செல்வத்தைத் தொலைத்தவன், மனைவியைத் துறந்தவன் என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். மதுரைக் காண்டத்தை வரிசையாக வாசிப்பவருக்கு வேறொரு கோவலன் கிடைப்பான்.

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் என்பவன் அவனைத் தேடிக் கண்டுபிடித்து மாதவியின் இரண்டாவது மடலைக் கொடுக்கிறான். முதல் மடலை மறுத்தவன் இதை வாங்கிப் படிக்கிறான். படித்தபின் அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னுடையதே என்று உணர்கிறான். அதோடு நிற்கவில்லை. தன் பெற்றோர்க்குத் தான் சொல்ல வேண்டியவையும் அந்த மடலின் சொற்களே என்று கண்டு, அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறான். தன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒருத்தி எழுதிய சொற்களைத் தன் மன்னிப்புக்காக இன்னொருவரிடம் அனுப்பும் இந்த இடத்துக்கு ஈடான ஒன்றைத் தமிழில் வேறெங்கும் நான் படித்ததில்லை.

பிறகு அடைக்கலக் காதை. மாடலன் என்ற மறையவன் கோவலனின் பழைய செயல்களை அவன் முன்னாலேயே எடுத்துச் சொல்கிறான். மூன்று நிகழ்ச்சிகள். மதயானையிடமிருந்து ஒரு முதியவரை மீட்டது முதலாவது. மற்ற இரண்டையும் பாருங்கள். குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, விசாரியாமல் கொன்றுவிட்ட ஒரு தாய்; அவளைக் கணவன் விட்டுப் பிரிய, அவள் கையில் ஓலையோடு தெருத்தெருவாக அலைகிறாள்; கோவலன் அதை வாங்கிப் படித்து, பொருள் கொடுத்து, அவளுடைய வாழ்வைச் சேர்த்துவைக்கிறான். அடுத்தது, ஒரு கற்புடைய பெண்மேல் பொய்ச்சான்று சொன்னவனைச் சதுக்கப்பூதம் பற்றிக்கொள்கிறது. அவனுடைய தாயின் அழுகையைக் கேட்டு, இவனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள் என்று கோவலன் பூதத்திடம் வேண்டுகிறான். பூதம் மறுத்துவிட, அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு காப்பாற்றுகிறான்.

அவசரத் தீர்ப்பின் கதை ஒன்று, பொய்ச்சான்றின் கதை ஒன்று. அவசரத் தீர்ப்பாலும் பொய்ச்சான்றாலும் சாகப்போகும் ஒருவனின் பழைய வாழ்க்கையில் இந்த இரண்டும் ஏன் வைக்கப்பட்டன? கோவலனின் வள்ளன்மையைக் காட்ட என்று உரைநூல்கள் சொல்லும். வள்ளன்மையைக் காட்ட ஆயிரம் கதை கிடைக்கும். இந்தக் கதைகளே வந்திருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊராரின் துயரம் என்றால் ஓலையை வாங்கிப் படிக்கத் தெரிந்த கோவலனுக்கு, தனக்கு வந்த மடலைப் படிக்கத் தெரியாமல் போனது. அவனுடைய குறை இரக்கமின்மை என்று இனிச் சொல்ல முடியாது. தன்னைச் சேர்ந்தவர் என்று வரும்போது கேட்காமல் முடிவெடுத்தான், அதுதான் அவனுடைய குறை.

அதுவும் கடைசி நாளில் திருந்துகிறது. மதுரையில் அடைக்கலம் தந்த மாதரியின் மனையில் கண்ணகி சமைத்த உணவை உண்டபின், வா என்றதும் என்னோடு எழுந்து வந்தாயே, என்ன செய்தாய் என்று கேட்கிறான். அவளிடம் அவன் மனம்விட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்பேன். கண்ணகியும் முதன்முறையாக விரிவாகப் பேசுகிறாள். அவன் இல்லாத வீட்டில் அவனுடைய பெற்றோர் தன் முகத்தைப் பார்த்து எப்படி வருந்தினார்கள், தன் உள்ளத்து நோவை மறைக்கத் தான் எப்படிச் சிரித்துச் சமாளித்தாள், சான்றோர் வெறுக்கும் வழியில் அவன் போனான் என்பதையெல்லாம் சொல்கிறாள். கேட்டுமுடித்தவன் ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போகிறான். இரண்டு பெண்களின் சொல்லையும் காதுகொடுத்துக் கேட்டு முடித்த அன்றைக்கே, தன் சொல்லைக் கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் அவன் கொல்லப்படுகிறான். காப்பியத்தின் சோகம் இங்கேதான் உச்சத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

5. கேள்வியோடு வந்தவள்

கண்ணகி கோபத்தில் அவைக்கு ஓடினாள் என்ற படம் நம் மனத்தில் இருக்கிறது. நூலில் நடப்பது அப்படியில்லை. கணவன் கள்வன் என்று சொல்லிக் கொல்லப்பட்டான் என்ற செய்தி ஆய்ச்சியர் சேரிக்கு வந்ததும் அவள் அழுது புலம்புகிறாள். பிறகு கதிரவனை நோக்கி, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். அல்லன் என்று விடை வருகிறது. கணவனைப் பற்றி அவளுக்கு ஐயம் இருந்திருக்க வழியில்லை. இருந்தும், உலகுக்கெல்லாம் சாட்சியாக நிற்பவனிடம் கேட்டுத் தெளிந்துவிட்டுத்தான் அரண்மனைக்குப் புறப்படுகிறாள். விசாரணை என்பதை இந்த நூலில் முறையாகத் தொடங்கிவைத்தவள் அவளே.

அவையில் அவள் அரசனை விளிக்கும்போதே, ஆராயாதவனே என்று விளிக்கிறாள். அதே குற்றத்தைக் கவிஞர் ஏற்கெனவே கொலைக்களக் காதையில் தம் கூற்றாகச் சொல்லியிருக்கிறார். தன்னை அறிமுகப்படுத்தும்போது புறாவுக்காகத் தன்னையே கொடுத்த சோழனையும், கன்றை இழந்த பசு மணியை அசைத்ததும் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்கிறாள். இதை ஊர்ப்பெருமை என்று கடந்துவிடுகிறோம். அவள் தேர்ந்தெடுத்த சான்றைக் கவனியுங்கள்: அங்கே பேசத் தெரியாத பசுவின் முறையீடும் அரசன் காதில் விழுந்தது. இங்கே பேசத் தெரிந்த வணிகனுக்கும் பேச்சு மறுக்கப்பட்டது. புகாரைப் பற்றி இந்திரவிழவு ஊரெடுத்த காதை சொல்பவற்றையும் இதனோடு சேர்க்க வேண்டும். களவுப்பொருளைத் தூக்கியவனைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளிடை மன்றம், பொய்ச்சான்று சொல்வோரை விழுங்கும் பூதசதுக்கம், செங்கோல் கோணினால் பேசாமல் கண்ணீர்விடும் பாவை மன்றம் எல்லாம் அந்த நகரில் இருந்தன. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு மதுரையில் நடந்தது எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்!

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் அரசன். சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் அவன். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உள்ளே இருப்பது என்ன என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கொலைக்கு முன் யாரும் கேட்கவில்லை.

பாண்டியனுக்கும் இங்கே நியாயம் செய்ய வேண்டும். தலைவிரித்து வாயிலில் நின்றவளை அவன் உள்ளே அழைத்தான். அவள் பேசியதைக் கேட்டான். சான்றைக் கொண்டுவரச் சொன்னான். தனக்கு எதிராகச் சான்று தெறித்ததும் ஒரு சாக்கும் சொல்லவில்லை. கள்வன் தானே என்று அறிவித்து உயிர்விட்டான். முறையாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே மனிதன் மூலமாகவே கவிஞர் காட்டிவிட்டார்.

6. ஊழ் என்றால் என்ன?

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, எல்லாவற்றுக்கும் காரணம் ஊழ் என்று இளங்கோவே சொல்லியிருக்கும்போது, மனிதர் விசாரித்திருந்தால் மட்டும் தப்பியிருக்க முடியுமா என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. கானல் வரியிலும் சரி, கொலைக்களக் காதையிலும் சரி, வினை வந்து சேர்ந்தது என்று கவிஞர் சொல்வது உண்மை. மாடலனும், இந்தப் பிறப்பில் நீ நல்லதையே செய்தாய், இது முற்பிறப்பின் வினையாக இருக்கலாம் என்றுதான் கோவலனிடம் சொல்கிறான்.

அந்த முற்பிறப்பில் நடந்தது என்ன என்பதைக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. சிங்கபுரமும் கபிலபுரமும் பகைபூண்ட நகரங்கள். கபிலபுரத்து வணிகன் சங்கமன் தன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து பண்டம் விற்றுக்கொண்டிருந்தான். அங்கே அரசபணியில் இருந்த பரதன் என்பவன் அவனைப் பகைநாட்டு ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்தான். சங்கமன் கொல்லப்பட்டான். நீலி பதினான்கு நாள் அலைந்து திரிந்து, சாபமிட்டு, மலையுச்சியிலிருந்து விழுந்து இறந்தாள். அந்தப் பரதன்தான் இந்தக் கோவலன்.

வேற்றூரிலிருந்து பொருள் விற்க மனைவியோடு வந்த ஒரு வணிகன், பொய்க்குற்றச்சாட்டு, விசாரணையற்ற கொலை, நியாயம் கேட்டு அலையும் மனைவி. கோவலன் கதையேதான். ஊழ் என்று இந்த நூல் சொல்வது எங்கோ வானத்தில் எழுதப்பட்ட காரணமில்லாத விதியை அன்று. ஒரு காலத்தில் ஒருவன் விசாரியாமல் செய்த தீர்ப்பு, அதே உருவத்தில் அவனிடம் திரும்பி வருகிறது. ஆகவே, ஊழா மனிதத் தவறா என்று எதிரெதிராக வைக்கும் கேள்வியை இந்த நூலின்முன் வைக்க முடியாது. மாணவிக்கு நான் சொன்ன விடை இது.

அதே காதையில் வார்த்திகன் கதையும் வருகிறது. தங்கால் என்ற ஊரில் (சிவகாசிக்குப் பக்கத்துத் திருத்தங்கல் என்பர்) தன்னோடு சேர்ந்து பிழையின்றி மறையோதிய சிறுவன் ஒருவனுக்குப் பராசரன் என்ற அந்தணன் அணிகலன்களைப் பரிசாகக் கொடுத்துப் போகிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன் புதையலைக் கவர்ந்துகொண்டான் என்று காவலர் அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. என்ன கொடுமை நடந்தது என்று பாண்டியன் விசாரிக்கிறான், உண்மையை அறிகிறான், வார்த்திகனை வணங்கிப் பொறுக்கச் சொல்கிறான், தங்காலையும் வயலூரையும் கொடையாகத் தருகிறான்.

இதிலும் அணிகலன், இதிலும் களவுப்பழி, இதிலும் காவலரின் அவசரம், இதிலும் அழும் மனைவி. அப்போது கோயில் கதவு அரசனை விசாரிக்க வைத்தது. கோவலன் விஷயத்தில் எச்சரிக்க ஒரு கதவும் இல்லை. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன் என்று மதுராபதி சொல்வது இந்தக் கதையின் மேலோட்டமான பயன். எனக்கு அதில் தெரிவது இன்னொன்று: விசாரித்தால் நீதி வழங்கக்கூடியவன், விசாரிக்கும் பழக்கத்தைத் தன் நாட்டில் ஒரு முறையாக வகுத்து வைக்கவில்லை. நல்ல அரசனின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்த நீதி, அவன் மனம் அந்தப்புரத்தின் பக்கம் போன ஒரு கணத்தில் கைவிட்டுவிட்டது.

7. ஆயிரம் பேர்

இனி நான் சொல்லப்போவது நம்மில் பலருக்குக் கசக்கும். கண்ணகியின் சினத்தால் மதுரை எரிந்தபின், கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் சொல்கின்றன. குற்றம் செய்தவன் ஒருவன். கொல்லப்பட்டவர் ஆயிரவர். அவர்களிடம் யார் என்ன கேட்டார்கள்? தொழில் ஒன்று என்பதைத் தவிர அவர்கள் செய்த பிழை என்ன? மாதவியின் மடலைக் கோவலன் மறுத்தபோது அவள் தொழிலைச் சொல்லி மறுத்தான் என்று தொடக்கத்தில் சொன்னேன். இங்கே அந்த மனப்போக்கு ஆயிரம் உயிரைக் கொள்கிறது.

நூல் இதைக் கண்டிக்கவில்லை. இதன்பின் பாண்டிநாட்டில் மழை பெய்தது, நோய் நீங்கியது என்றே சொல்கிறது. காலத்தின் வழிபாட்டு நம்பிக்கை அது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. மணியடித்த பசுவையும் கண்ணீர்விடும் பாவையையும் நமக்குக் கொடுத்த நூலில், இந்த ஆயிரம் பேருக்காக ஒரு சொல்லும் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு நூலை நேசிப்பவர், அந்த நூல் தன் அறத்திலிருந்தே விலகும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

வஞ்சிக் காண்டத்தில் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. ஆரிய மன்னர் கனகனையும் விசயனையும் போரில் சிறைப்பிடித்த சேரன் செங்குட்டுவன், தவவேடத்தில் தப்ப முயன்றவர்களையும் சேர்த்துப் பிடித்து, சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரச் சொல்கிறான். போர்க்களம் விட்டு ஓடியவரைப் பிடிப்பது வீரமா என்று அந்த இரு அரசரும் இகழ்ந்ததாகச் செய்தி வருகிறது. செங்குட்டுவனின் கண் சிவக்கிறது. இன்னொரு போர் மூளும் நிலை. மாடலன் குறுக்கிட்டுப் பேசுகிறான். அரசன் காதுகொடுக்கிறான், சினம் தணிகிறான், சிறைப்பட்ட ஆரிய மன்னரை விடுவிக்கிறான். பாண்டியனின் அந்தப்புர வாயிலில் இல்லாமல் போன ஒரு மாடலன், சேரனின் அவையில் இருந்தான்.

இன்னொரு மாணவர், இன்றைய நீதிமன்ற முறையைப் பழைய நூலில் ஏற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆராய்ந்து, ஒருபக்கம் சாயாமல், தெளிந்து செய்வதே முறை என்று திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டது. சிலப்பதிகாரமும் அந்த மரபில் வந்த நூல். புதிதாக நான் எதையும் கொண்டுவந்து ஏற்றவில்லை.

மாந்தரைப் படிக்கும் முறை பற்றி மாணவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. பாடத்திட்டம் பெரும்பாலும் வழக்குரை காதையைக் கொடுக்கும். அதை மட்டும் படித்து மதிப்பெண் வாங்கிவிடலாம். அதற்கு முன் அடைக்கலக் காதையையும் கொலைக்களக் காதையையும், அதற்குப் பின் கட்டுரை காதையையும் உரையோடு ஒருமுறை வாசியுங்கள். கண்ணகியா மாதவியா என்று எழுதும் ஆய்வேடுகள் நிறைய வந்துவிட்டன. வாளெடுக்கத் தயங்கிய அந்த இளங்காவலனைப் பற்றியும், தங்கால் வார்த்திகனைப் பற்றியும், பெயரற்ற ஆயிரம் பொற்கொல்லரைப் பற்றியும் உங்களில் யாராவது எழுத வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.